கண்ணாடித் தொட்டியில் கவிழ்ந்த படகு

கால்வாய்க்கரைப் பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, ஊர்ச் சரித்திரத்தை உள்ளே அடுக்கி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, தார்ப்பாய் தைக்கிறவள் தலை நிமிரவே இல்லை.

"பழைய சாமான் பாக்க அங்க எதுக்குப் போகணும்? என் வீட்டுக்கே டிக்கெட் போடலாம்" என்று ஊசியைக் கோத்தாள்.

"மதகுக்காரர் ஞாயித்துக்கிழமையானா அங்க உக்காந்து, வர்றவங்களுக்கு விளக்கம் சொல்றாராம்."

ஊசி நின்றது.

அந்த ஆளை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். அவள் அண்ணன் சரக்குப் படகு ஓட்டியவர். துறைமுகத்தைவிடக் கால்வாய் மேடு. அதனால் படகை இரண்டு மதகுக்கு நடுவே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மேலே ஏற்றுவார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மேலே தன் முதலாளியின் விசைப்படகு காத்து நிற்கிறதே என்று மதகுக்காரர் மதகைத் திறக்கும் சக்கரத்தை ஒரேயடியாகத் திருப்பிவிட்டார். பாய்ந்து வந்த தண்ணீரில் அண்ணன் படகு கவிழ்ந்தது. அவர் இடுப்பு நொறுங்கியது. விசாரணையில் மதகுக்காரர் வாய் கூசாமல் சொன்னார், "அவன் குடிச்சிருந்தான்" என்று.

அண்ணன் மருந்துக்குக்கூடக் குடித்ததில்லை. அதை யார் கேட்டார்கள்? இடுப்போடு பெயரும் போயிற்று. இவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் "குடிகாரன் தங்கச்சியா?" என்று நழுவினார்கள். அண்ணன், அண்ணி, பிள்ளை எல்லோருக்கும் இவள் ஊசிதான் சோறு போட்டது. விரலெல்லாம் காய்த்துப்போன பிறகும் அந்த ஒரு சொல் முள்ளாகவே உள்ளே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு போனாள். சண்டைக்கு அழுக்காகப் போனால் எதிராளிக்கு இளக்காரம். நங்கூரம், படங்கள், பீரங்கி எதையும் அவள் பார்க்கவில்லை. நேரே கடைசி அறைக்குப் போனாள். அங்கே கண்ணாடித் தொட்டியில் குட்டி மதகு இரண்டு, பக்கத்தில் கைச்சக்கரம், நடுவே மரப்படகு. சுற்றிக் கூட்டம். மதகுக்காரருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை.

"ஐயா, படகு உள்ள நிக்கும்போது சக்கரத்தை முழுசாத் திருப்பினா என்ன ஆகும்?"

"அப்படித் திருப்பக் கூடாதும்மா."

"கூடாதுன்னு எனக்கும் தெரியும். திருப்பினா என்ன ஆகும்னு கேக்கறேன்."

தோளில் குழந்தையோடு நின்றவர் சிரித்தார். "திருப்பித்தான் காட்டுங்களேன், பெரியவரே."

"கயிறு ஒழுங்காக் கட்டியிருந்தா ஒண்ணும் ஆகாது" என்று மழுப்பினார் மதகுக்காரர்.

"அப்ப நானே கட்டறேன்."

மரப்படகின் கயிற்றைத் தொட்டி விளிம்பில் கட்டி, தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சையே போட்டாள். யானை இழுத்தாலும் அவிழாது. அத்தனை கண்களும் பார்த்திருக்க, அவருக்கு வேறு வழியில்லை. திருப்பினார். தண்ணீர் பாய்ந்தது. படகு சுவரில் மோதிக் குப்புற விழுந்தது.

அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். "பாவம், காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்கும்போல இந்தப் படகு."

அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ... அவன் தங்கச்சியா?"

"அவன் இல்ல, அவர். சொல்லுங்க, அன்னிக்கு அவர் குடிச்சிருந்தாரா?"

"இத்தனை பேருக்கு முன்னால எதுக்கும்மா..."

"இத்தனை பேருக்கு முன்னாலதானே அன்னிக்கும் சொன்னீங்க?"

"குடிக்கல" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலயாம்."

"குடிக்கல. நான்தான் அவசரப்பட்டுத் திருப்பினேன்."

தோளில் இருந்த குழந்தையை அதன் அப்பா கீழே இறக்கினார். யாரும் சிரிக்கவில்லை.

"போதுமாம்மா?" என்றார் மதகுக்காரர்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அவர்கிட்டப் போய்க் கேளுங்க. அண்ணன் வீட்லதான் இருக்கார். அவரால நடக்க முடியாது, நீங்கதான் நடந்து வரணும்."

"இன்னொரு நாள் வரேனே. சாயங்காலம் வரைக்கும் இங்க வேலை இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு வேற சோலி இல்ல" என்று எதிர் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டம் உள்ளே வந்தது. கவிழ்ந்து கிடந்த படகை நிமிர்த்த அவர் தொட்டிக்குள் கையை விட்டார்.

"அது அப்படியே கிடக்கட்டும்" என்றாள் அவள். "எப்படிக் கவிழ்ந்ததுன்னு இவங்களுக்கும் சொல்லுங்க."