நான் விடச் சொன்ன கயிறு

என் கணவர் சங்கு குளிப்பவர். கடலுக்குள் இறங்குகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் வள்ளத்திலிருந்து பிடிப்பான். எங்கள் வழக்கம் அது. "தன் அக்கா தாலிக்குத் தானே கேடு நினைப்பானா?" என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அவருடைய குடி பொறுக்காமல் இரண்டு வருடம் முன்பு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு நிற்காமல் தம்பியிடம், "இனிமே நீ அந்த ஆளு வள்ளத்துல ஏறுனா எனக்குத் தம்பியே இல்ல" என்றேன்.

"சண்டை ஒங்க ரெண்டு பேருக்குள்ள. அதக் கடல்ல கொண்டு போடாதக்கா" என்று கெஞ்சினான். நான் கேட்கவில்லை.

தம்பி நின்றுவிட, அவர் கயிறு பிடிக்கக் கூலிக்கு ஒருவரை வைத்துக்கொண்டார். ஒருநாள் காலை கடலுக்கடியில் இருக்கும்போது காற்றுக்குழாய் மடங்கிவிட்டது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். மேலே அந்த ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். மூச்சு முட்டி அவசரமாக மேலேறியதில் உயிர் மட்டும் தப்பியது. ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று ஏறினால் உடம்பு முடங்கிவிடும்; அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "ஏளா, வந்துட்டியா? தம்பிய ஏசாத. நீ சொன்னதத்தான கேட்டான்" என்றார்.

"என்னையத்தான் ஏசணும்" என்றேன்.

"அப்போ வீட்டுக்கு வா, தெனமும் ஏசுதேன். நான் இனி எங்க ஓடப்போறேன்?"

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டேன். தினமும் காலையில் தம்பி வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறான். இப்போதும் எனக்கும் அவருக்கும் சண்டை வரும். எவ்வளவு கோபம் இருந்தாலும், அவன் வரும் நேரத்துக்கு நானே கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.