இருபத்தொன்பதாவது தப்படி

மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பை வளைத்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார் சக்கரவர்த்தி. அந்த வழியாகச் சாமை மூட்டை சுமந்து போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஐம்பது வயது மனிதர் இப்படி நிற்பது ஜவ்வாது மலையில் பழகிப்போன காட்சி. பத்திரிகை வேலையாகப் புதிதாக வந்த எனக்குத்தான் எந்தப் பக்கம் நின்று வணக்கம் சொல்வதென்று தெரியவில்லை.

"இருங்க சார், உச்சி இன்னும் தெர்ல" என்றார், தலைகீழாக. நிமிர்ந்து நாலு தப்படி தள்ளிப் போய் மறுபடி குனிந்தார். கால் இடுக்கில் உச்சிக் கிளை எந்த இடத்தில் தெரிகிறதோ, அடிமரத்திலிருந்து அந்த இடத்துக்கு எத்தனை தப்படியோ, அதுதான் மரத்தின் உயரம். பள்ளிக்கூடத்தில் இதற்கு நாலு பக்கம் கணக்குப் போடுவார்கள். இவருக்கு இடுப்பு வலியோடு முடிந்துவிடுகிறது.

ஓடையோரம் நிற்கும் அந்த நீர்மருது ஊருக்குப் பொது. அவர் பேச்சைக் கேட்டால் அவரே பெற்று வளர்த்தது போலிருக்கும். உயரம் நாற்பத்தொரு தப்படி. மலையிலுள்ள கிழட்டு மரங்கள் அத்தனையையும் நடந்தே போய் அளந்து வைத்திருக்கிறார். மற்ற ஊர் மரங்களைப் பற்றி அவர் வாயைக் கிளறக் கூடாது. நான் கிளறினேன். பக்கத்து ஊர்க் கோபால்சாமி பெருமையடிக்கும் வேங்கையைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம். "அதெல்லாம் ஒரு மரமா சார்? காத்தடிச்சா போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்புடு போடும்" என்றார். பாவம், அந்த வேங்கை முப்பத்தாறு தப்படி.

இரண்டு வருடம் முன்பு இதே கோபால்சாமி தன் மகனுக்காக இவருடைய மகள் வசந்தியைக் கேட்டு வந்திருக்கிறார். பேச்சு முடிந்து தட்டு மாற்றாத குறைதான். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தவர் மருதை அண்ணாந்து பார்த்து, "எங்கூரு வேங்கை இத்தவிட ஒரு முழம் கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. வசந்தியைப் பிறகு அமிர்திப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மனைவி மங்கம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை. "பொண்ணுக்கு மாப்ள பாருய்யான்னா, மரத்துக்கு மாப்ள பாத்துக்கினு இருந்தாரு இந்த மனுசன்" என்று எனக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே முறையிட்டார். சக்கரவர்த்திக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

நான் அங்கே போனது எண்பத்திரண்டாம் வருடம். நான் போன மறுநாள் ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. உயரமான பழைய மரங்களைக் கண்டுபிடித்து, எண் போட்டு, பெருமைப்படுத்தும் திட்டமாம். நல்ல திட்டம்தான். ஆனால் அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண் விழுந்தால் மலைக்காரர்களுக்கு அதன் அர்த்தம் வேறு.

"போன வருசம் கீழூர்ல புளியமரத்துக்கு நம்பர் போட்டாங்க. மரியாதைன்னாங்க. பதினஞ்சாம் நாளு ரம்பம் வந்துச்சி. நாலு தலைமுறையா உலுக்குன மரம் சார்" என்றார் சக்கரவர்த்தி. அதுவரை ஏறியே இருந்த குரல் இறங்கிவிட்டது. "இதுக்கும் நம்பர் போட்டுட்டா, அப்புறம் நான் இருந்து இன்னா பண்றது?"

அதிகாரியின் பெயர் தேவராஜ். ஜீப்பை விட்டு இறங்கும்போதே சலித்துக்கொண்டார். "ஆறு ஊர் பாத்தாச்சு, ஒண்ணும் தேறலை. இவங்க தப்படிக்கு முப்பது இருந்தாத்தான் பட்டியல்ல ஏத்த முடியும். அந்தக் கோபால்சாமி ஊர் வேங்கை என்னமோ வானத்தைத் தொடுற மாதிரி நிக்குது. அவரே அளந்து காட்டினாரு, இருபத்தெட்டாம்." மலை முழுக்க மரங்கள் ஒரே வாரத்தில் குள்ளமாகியிருந்தன. தேவராஜ் கையில் ஐம்பதடி டேப் இருந்தது. மரம் ஏற டேப்புக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆகவே அளக்கும் வேலை இங்கேயும் ஊர்க்காரரிடமே வந்தது.

சக்கரவர்த்தி அடிமரத்தில் குதிகாலை ஒட்டி வைத்து, உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். இருபத்தெட்டில் நின்றார். அங்கேயே குனிந்திருக்கலாம். மரம் பிழைக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இருபத்தெட்டு கோபால்சாமியின் எண். மருதும் அந்த வேங்கையும் ஒரே உயரம் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். மனிதர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு தப்படி வைத்தார். போதும் என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததற்கும் கால் எழும்பியது. முப்பதைத் தொட்டால் மரத்துக்கு எண் விழும். தூக்கிய கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்த இடத்திலேயே இறங்கியது.

குனிந்தார். "உச்சி தெரியுதுங்க சார். இருபத்தொம்போது. எழுதிக்குங்க. வேங்கையவிட ஒண்ணு கூட, அத்தயும் எழுதிக்குங்க."

தேவராஜ் மரத்தை அண்ணாந்து பார்த்தார், தப்படி நின்ற இடத்தைப் பார்த்தார். சந்தேகம்தான். ஆனால் குனிந்து பார்க்க அவருடைய இறுக்கமான பேன்ட் இடம் தரவில்லை. "நீங்க பத்திரிகைக்காரர், பொய் சொல்ல மாட்டீங்க. கொஞ்சம் பாருங்களேன்" என்றார் என்னிடம். எங்கள் தொழிலைப் பற்றி அரசாங்கத்தில் இப்படியும் ஒரு நல்லெண்ணம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குனிந்தேன். முக்கால் மரம் தெரிந்தது, அதற்கு மேல் என் வேட்டிதான் தெரிந்தது.

"உச்சி நல்லாவே தெரியுது சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். பெயிண்ட் டப்பா திறக்கப்படாமலே ஜீப்பில் ஏறியது. திருப்பத்தில் ஜீப் மறைந்ததும் மங்கம்மாள், "அந்த ஒண்ணு இல்லன்னா உசுரா பூடும்?" என்று கேட்டார். சக்கரவர்த்தி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே மருதினிடம் போனார். அடிமரத்தின் முன் நின்று, பலமாக, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.