கழற்றி வைத்த பெல்ட்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் கடை போட்டிருக்கும் மார்ட்டினுக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலையில் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி நின்றுபோன வண்டிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். "ஒண்ணுமே பண்லீங்க, தானா நின்னுடுச்சு" என்பார்கள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தானா ஒண்ணும் நிக்கல. தண்ணிக்குள்ள நின்ன வண்டிய சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணிருக்கீங்க. நீங்க பண்ண வேலைதான் இது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். பங்குச் சாமியாரின் காருக்கும் இதே மரியாதைதான்.

அப்படிப்பட்டவனிடம்தான் அந்தக் கார்த்திகைப் புயலுக்குப் பிறகு தங்கை வீட்டு வண்டி வந்து சேர்ந்தது.

தங்கை ரீத்தாவை மலைமேல் இருக்கும் கரியாலூரில் செபாஸ்தியானுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவர அவனிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. மழை கொட்டிய அன்று காலையில் நிறைமாதமாக இருந்த ரீத்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் மேலே வர வழியில்லை. பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு இறங்கினான். ஓடைகளைத் தாண்டி வந்தவன், கடைசித் தரைப்பாலத்தில், தண்ணீர் கதவைத் தொட்டு ஓடுகிற இடத்தில் மாட்டிக்கொண்டான். வண்டி நின்றுபோனது. கீழ் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி, கட்டில் கொண்டுவந்து அவளை அதில் கிடத்தித் தூக்கிக் கரை சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பையன் பிறந்தான். அழவே இல்லை. துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்தார்கள். ஐயோ, அந்தக் கொடுமையை இதற்கு மேல் எப்படிச் சொல்வது!

அண்ணன் வீட்டுக்கு வந்து படுத்தவள்தான் ரீத்தா. புருஷன் வந்து கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனும் சளைக்காமல் வந்து நின்றுவிட்டுப் போனான். ஊர் சும்மா இருக்குமா? "அவ்ளோ தண்ணியில எந்தக் கிறுக்கனாவது வண்டிய வுடுவானா?" என்றது. மார்ட்டினுக்கும் உள்ளுக்குள் அதே கோபம்தான்.

ஒருநாள் ரீத்தாவே வாய் திறந்தாள். "அண்ணா, அந்த வண்டி ஏன் நின்னுச்சுன்னு பார்த்து சொல்றியா? உள்ளத உள்ளபடி சொல்லு. அது தெரிஞ்சாதான் அந்த வூட்டுக்குப் போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ண முடியும்."

வண்டியைக் கடைக்கு இழுத்து வந்தார்கள். தண்ணீர் எங்கெல்லாம் புகுந்திருக்கும் என்றுதான் மார்ட்டின் முதலில் தேடினான். ஃபியூஸ் பாக்ஸில் கறை இல்லை. சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான், தண்ணீர் பட்டால் பிடிக்கும் பச்சைக் களிம்பு எங்கும் பூக்கவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது, என்ஜினும் தண்ணீர் குடிக்கவில்லை. பேட்டரி மட்டும் அடியோடு இறங்கிக் கிடந்தது. வேறு பேட்டரி மாட்டியதும் வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஆனால் மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு அணையவில்லை. சார்ஜ் ஏறவில்லையே என்று டைனமோவைக் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஃபேன் பெல்ட்டைக் காணோம். தேடினால் சீட்டுக்கு அடியில் இருந்தது, அறாமல் கொள்ளாமல், சுருட்டி வைத்தபடி.

மலை டிரைவர்களின் பழக்கம் அது. ஆழமான தண்ணீரில் இறங்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி என்ஜின் மேல் இறைக்கும். ஓடையைத் தாண்டியதும் மாட்டிவிட வேண்டும். பழைய ஜீப் என்றால் மாட்ட மறந்தாலும் கரண்ட் இல்லாமலே கொஞ்ச தூரம் ஓடும். இந்தக் காலத்து வண்டியில் டீசல் பீய்ச்சுவதுகூடக் கரண்டில்தான். டைனமோவைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அது சுற்றினால்தான் பேட்டரி ஏறும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு மலையிறங்கினால் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? மழைக்குளிரில், இறக்கத்தில் போனதால் என்ஜின் சூடேறி எச்சரிக்கவும் இல்லை.

மார்ட்டினுக்கு ரத்தம் கொதித்தது. செபாஸ்தியானை வரவழைத்து, பெல்ட்டை அவன் காலடியில் வீசினான்.

"இன்னா மாப்ள இது? கழட்னவனுக்கு மாட்டத் தெரியாதா? புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு இப்படியா மறப்ப?"

செபாஸ்தியான் பெல்ட்டைக் குனிந்து எடுத்தான். "மறக்கல மச்சான். மொத ஓடை தாண்டுனதும் மாட்டலாம்னு ஓரங்கட்னேன். ரீத்தா வலியில துடிச்சிக்கினு, 'நிக்காத, போ, போ'ன்னு கத்துனா. கதறுறவள வுட்டுட்டு எப்படி பானெட்ட தெறப்பேன்? வண்டிய எடுத்துட்டேன்." பெல்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டான். "அவகிட்ட இத சொல்லிடாதீங்க. நான் மறந்துட்டேன்னே சொல்லிடுங்க. என்னைத் திட்டிக்கினாவது நல்லா இருக்கட்டும்."

திட்ட வந்த மார்ட்டின் அவன் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். பெரிய பெரிய ஆட்களை வாய் அடைக்க வைத்தவன், சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து பெல்ட்டை மாட்டி, அதே வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். செபாஸ்தியான் வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டான்.

ரீத்தா எழுந்து உட்கார்ந்து அண்ணன் வாயையே பார்த்தாள்.

"ஒயர்ல தண்ணி பூந்து ஷார்ட் ஆயிடுச்சு ரீத்தா. யார் மேலயும் தப்பில்ல." வண்டியைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய் அதுதான். பழக்கமில்லாததால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்போ பெல்ட்டு?"

"எந்த பெல்ட்டு?"

"அவரு கழட்டி சீட்டுக்கு அடியில வெச்சாரே, அதுதான். மாட்டிட்டுப் போலாம்னாரு. நான்தான் நிக்க வுடல. அப்புறம் மீட்டர்ல செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினே வந்துச்சு. உன் தங்கச்சிக்கு அது இன்னா லைட்டுன்னு தெரியாதா? வலியில வாயே தெறக்கல. அவரு தப்பான்னு பாக்கவா சொன்னேன்? என் தப்பான்னு பாக்கச் சொன்னேண்ணா."

"உன் தப்பு இல்லம்மா. சத்தியமா இல்ல."

"யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு நீ. என்கிட்ட பொய் சொல்ற. அதுலயே தெரிஞ்சிபோச்சு."

மார்ட்டின் அவள் தலையைத் தொடப் போனான். அவள் விலகிக்கொண்டாள். "வெளிய நிக்கிறாரா? போகச் சொல்லிடு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அவருக்கு சோறு போடுவேன்?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மார்ட்டின் வெளியே வந்தான். செபாஸ்தியான் வண்டிக்குள் அவள் உட்காரும் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வராளா மச்சான்?" என்று கேட்டான்.