ஆனந்தக் கண்ணீர்

செங்கல்பட்டு அருணகிரி வாத்தியாருக்குத் தொண்டை ஒன்றுதான். அதற்குள் ஒன்பது பேர் குடியிருந்தார்கள். கட்சி வாசகசாலையில் வெளிநாட்டுப் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வது அவர்தான். அவர் இங்கே 'புயல்' என்றால் மாமல்லபுரத்தில் கட்டுமரத்தைக் கரையேற்றிவிடுவார்கள்.

ஐம்பத்தேழில் ஒரு படம் வந்தது. பனி கொட்டும் கம்யூனிஸ்ட் நாடு. தலைவர் படத்தை வரையச் சொன்ன சுவரில், ஓவியன் தன் மனசுக்குப் பிடித்ததை வரைந்துவிடுகிறான். கடைசியில் சிப்பாய்கள் சுண்ணாம்பு அடிக்க, அவன் நின்று அழுகிறான்.

முன்கூட்டியே போட்டுப் பார்த்த செயலாளர் ராஜகோபாலனுக்கு வேர்த்துவிட்டது.

"ஓய், இதை இப்படியே சொன்னா நம்ம தோழர்கள் என்ன நினைப்பா? கொஞ்சம் மாத்திச் சொல்லும். முடியாதுன்னா மைக்கை வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

மைக் இல்லாத சாயங்காலத்தை வாத்தியாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படம் போட்ட அன்று கடைசிக் காட்சியில் மைக்கில் முழங்கினார்.

"தன் தப்பைத் தானே உணர்ந்துவிட்டான் ஓவியன்! அழிக்கச் சொன்னதே அவன்தான்! அவன் கண்ணில் வழிவது ஆனந்தக் கண்ணீர்!"

கைதட்டல் ஏரிக்கரை வரை கேட்டது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் போர்டு எழுதும் கண்ணாயிரம். வாசகசாலைச் சுவரில் தலைவரை வரையச் சொன்னதற்கு, வேர்க்கடலை பிடுங்கும் தன் பெண்டாட்டி வசந்தாவை வரைந்தவன். ஆறு மாதமாக ராஜகோபாலன் தொண்டை கிழியச் சொல்லியும் அழிக்காதவன்.

மறுநாள் காலை வசந்தா வாத்தியார் வாசலில் நின்றாள்.

"இன்னா வாத்யாரே சொன்னே நேத்து? ஆளு வூட்டுக்கே வராம சுண்ணாம்பு அடிச்சிகினு கீறாரு."

வாத்தியார் ஓடினார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாயிரம் வாளியைக் கீழே வைத்தான்.

"உன் கதைதான் வாத்யாரே கண்ணைத் தொறந்துச்சி. ஆனா அந்த ஆனந்தக் கண்ணீரு இன்னும் வரலையே. எவ்ளோ நாழி ஆவும்?"

வாத்தியார் வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதே படத்தின் அடுத்த காட்சி மாமல்லபுரம் கடற்கரையில். சிப்பாய்கள் சுண்ணாம்பு அடிக்கும் இடம் வந்ததும் வாத்தியார் மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"அவன் சம்மதிக்கவில்லை. பலவந்தமாக அழிக்கிறார்கள். அவன் துக்கத்தில் அழுகிறான். செங்கல்பட்டில் நான் சொன்னது பொய்."

ராஜகோபாலன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். இங்கேயும் படம் பார்க்க வந்திருந்த கண்ணாயிரம் முன்வரிசை மணலிலிருந்து எழுந்து வந்தான்.

"அப்ப நான் இன்னாத்துக்கு வாத்யாரே அழிச்சேன்?"

அந்தத் தொண்டையில் குடியிருந்த ஒன்பது பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.