கணவர் பெயரில் இருந்த லைசென்ஸ்

புக்கிட் செந்தோசா என்ற ஊரில் நானும் கணவரும் பலகாரக் கடை நடத்தினோம். கோவிட்டில் அவர் போய்விட்டார்; கடையும் மூடிக் கிடந்தது. சிறு வியாபாரிகளுக்கு நகராண்மைக் கழகம் உதவி நிதி தருவதாக அறிந்து, கடைசி நாளுக்கு முதல்நாள் மனுவோடு போனேன்.

“அக்கா, லைசென்ஸ்ல பேரு உள்ளவருதான் வரணும் லா,” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

“அவரு இல்லம்மா. கோவிட்ல தவறிட்டாரு.”

அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. “அப்ப மொதல்ல லைசென்ஸ உங்க பேருக்கு மாத்துங்கக்கா. இன்னிக்கே டெத் சர்ட்டிபிகேட் கொண்டாங்க.”

பெயரை மாற்றினால் அவர் இல்லையென்று நானே எழுதிக் கொடுப்பதுபோல் இருக்குமென்று தள்ளிப்போட்டிருந்தேன். அலைந்து திரிந்து லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி, மறுநாள் மாலை மனுவைக் கொடுத்தேன். நிதி கிடைத்தது, கடையைத் திறந்துவிட்டேன்.

இப்போது எந்தப் பத்திரம் எங்கே, யார் பெயரில் இருக்கிறதென்று மகளிடம் சொல்லி வைக்கிறேன். “ஏம்மா இதெல்லாம்?” என்று அழுதாள். அழட்டும் என்று விட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.