குலசாமிக்கு ஒரு மனநலச் சான்று

போன கார்த்திகையில், மனநலம் சரியில்லாத ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வந்திருந்த மின்னஞ்சல் அப்படித்தான் சொன்னது.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றிவைத்தார். காபி வேண்டாம் என்று மரியாதைக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். என் உறவினர்கள் பலரைவிடத் தெளிவு.

பெயர் பூமிநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த மனைவி செல்வி. கடலாடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன் - ஏன் என்பது போகப்போகத் தெரியும். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர். பக்கத்தில் வந்திருக்கும் சோலார் கம்பெனி ஒன்றில் கண்ட்ரோல் ரூம் வேலை. எழுத்துத் தேர்வு பாஸ். நேர்காணல் பாஸ். கடைசியாக, கம்ப்யூட்டரில் ஒரு மனநலத் தேர்வு. அதில் அவுட்.

நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். சான்றிதழ், அப்பீல், திருத்தம் என்று யார் அலைந்தாலும் ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்குக் கைகாட்டிவிடுகிறார்கள். இப்படித்தான் வந்தார்கள்.

"எந்தக் கேள்வியில தப்பு?" என்றேன்.

செல்வி முந்திக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விதான் சார். 'மத்தவுகளுக்குக் கேக்காத குரல் உங்களுக்குக் கேட்டுச்சா, வேற ஏதாச்சும் சக்தி உங்க உடம்ப ஆட்டுச்சா'ன்னு. இவுக 'ஆமா'ன்னு அமுக்கிட்டு வந்திருக்காக. 'இல்ல'ன்னு அமுக்கிருந்தா இந்நேரம் யூனிபார்ம் தச்சிருப்போம்."

"ஏன் தம்பி ஆமான்னு போட்டீங்க?"

"எம்மேல குலசாமி எறங்கும் சார். எங்கய்யா இருந்தவரைக்கும் அவரு மேல. அவரு செத்த வருசம் மாசிக் களரியில எம்மேல எறங்கிருச்சு. ஊரே பாத்துச்சு. இல்லன்னு எப்பிடிப் போடுறது?"

மாசிக் களரி என்பது எங்கள் பக்கத்தில் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் குலசாமி கும்பிடு. சென்னையில் இருக்கிற பங்காளி, சவுதியில் இருக்கிற பங்காளி எல்லாரும் வந்து நிற்பார்கள். சாமியாடி வாக்குச் சொல்வார். அந்த வாக்குக்குக் கோர்ட் தீர்ப்பைவிட மரியாதை அதிகம். அமலாவதும் சீக்கிரம்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் பூமிநாதனுக்கு அடுத்த வழி கத்தார். ஏஜெண்டிடம் பேசியாகிவிட்டது. செல்வியும் மூன்று வயது மகளும் ஊரில். அதைச் சொல்லும்போது மட்டும் செல்வியின் குரல் இறங்கியது. "அங்க ரத்தத்தையும் நெஞ்சு எக்ஸ்ரேயையுந்தான் பாக்குறாக சார். சாமி வருமான்னு கேக்க மாட்டாக."

ஆக, சாமியை ஒத்துக்கொண்டவர் சாமியை விட்டு வெளிநாடு போக வேண்டும். நடைமுறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கும் சாமிக்கும் அவ்வளவு கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் மேல்முறையீடு என்றால் விடுவதில்லை. அந்த மின்னஞ்சலின் அடியில், யாரும் படிக்காத சிறிய எழுத்தில் வழி இருந்தது. மனநல மருத்துவரின் கருத்தை இணைத்து மறுபரிசீலனை கோரலாம். இப்படி ஒரு வழி எப்போதும் இருக்கும். அதைச் சொல்லாமல் இருப்பதுதான் நிர்வாகம்.

அப்படிப் போய்ப் பார்த்த மருத்துவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவசரப்படாத மனிதர். நானும் உடன் இருக்கட்டும் என்று பூமிநாதன் கேட்டுக்கொண்டதால் செல்வியோடு அறைக்குள் இருந்தேன்.

"சாமி எப்ப வருங்க?" என்றார் மருத்துவர்.

"மாசிக் களரிக்கு சார்."

"மத்த நாள்ல? பஸ்ல போகும்போது, வேலை பாக்கும்போது?"

"கூப்பிடாம எப்பிடி சார் வரும்? உறுமி அடிக்கணும், பங்காளிக கூடி நிக்கணும்."

"வந்தா எப்பப் போகும்?"

"துன்னூறு குடுத்து முடிச்சா மலையேறிரும்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "கூப்பிட்டா வருது, வேலை முடிஞ்சா போகுது. இதை எப்படிங்க நோய்னு எழுதறது?" பேனாவை எடுத்தவர், கம்பெனியின் கேள்வியை இன்னொரு தடவை படித்தார். "'கடந்த ஓராண்டில்'னு போட்டிருக்காங்க. போன மாசியிலயும் வந்துச்சுங்களா?"

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வரலையா?"

"வரல சார்."

செல்வி அவர் பக்கம் திரும்பினார். "ஆடுனீகளே."

"ஆடுனேன். எல்லாரும் நிக்கிறாக... உறுமி நிக்கல. என்ன செய்யச் சொல்ற?"

அப்படியானால் சரியான விடை 'இல்லை'தான். தப்பாக அமுக்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விஷயம் அன்றைக்கே முடிந்துவிடும். நான் அதைச் சொன்னேன். பிறகு, தெரிந்தே ஏன் 'ஆமாம்' என்று அமுக்கினீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து கம்ப்யூட்டர்ல எங்க சின்னய்யா மகன் உக்காந்திருந்தான் சார். அவனும் அதே வேலைக்குத்தான் வந்தான். எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான்."

சின்னய்யா என்பது அவருடைய அப்பாவின் தம்பி. அப்பாவின் அண்ணன் பெரியய்யா. இந்த இரண்டு வீட்டுக்கும் வண்டிப் பாதைத் தகராறு. பெரியய்யாவின் மிளகாய்க் காட்டுக்குச் சின்னய்யாவின் நிலம் வழியாகத்தான் போக வேண்டும். சின்னய்யா சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். ஒரு தடவை அரிவாள் வரை போனது. போலீஸ் வந்தது, சர்வேயர் வந்தார். எதுவும் நடக்கவில்லை. அந்த மாசிக் களரியில் குலசாமி, "முள்ளை எடுடா" என்றது. மறுநாள் காலையில் முள் இல்லை.

"அப்ப, பாதையைத் திறக்கணும்னு முன்னாடியே நினைச்சுட்டுத்தான் போனீங்களா?" என்றார் மருத்துவர்.

"இல்ல சார். என்ன சொல்றதுன்னே தெரியாமத்தான் நின்னேன். வாயில அது வந்துருச்சு."

"சாமி வரலைன்னா, அதைச் சொன்னது யாருங்க?"

"அதான் சார் எனக்கும் தெரியல."

மருத்துவர் பேனாவை மூடிவைத்தார்.

இந்த மாதிரித் தேர்வைத் தயாரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் ஊரில் மனது தனிப் பட்டா. ஆளுக்கு ஒன்று, நான்கு பக்கமும் எல்லைக் கல். உள்ளே யாராவது பேசினால் அது அத்துமீறல், உடனே சிகிச்சை. இங்கே பல பேருக்கு மனது கூட்டுப் பட்டா. செத்துப்போன அப்பாவுக்கு அதில் பாத்தியதை உண்டு, சின்னய்யாவுக்கு உண்டு, குலசாமிக்கும் உண்டு. 'நீ என்ன உணர்ந்தாய்' என்று கம்ப்யூட்டர் கேட்டால், பூமிநாதன் பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் பதில் அமுக்குகிறார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கூட்டுப் பட்டாவில் உள்ள தொல்லை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஒருவர் முரண்டு பிடித்தால் ஒரு சென்ட் கூட விற்க முடியாது. ஆனால் கூட்டுப் பட்டாக்காரரிடம் தனிப் பட்டாவுக்கான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைப் பார்த்து 'நோய்' என்று முடிவு கட்டுவது... அந்தத் துணிச்சலுக்கு என் துறையில்கூட ஆள் கிடையாது.

"ரெண்டு வழி இருக்குங்க," என்றார் மருத்துவர். "போன வருசம் வரலை, தப்பா அமுக்கிட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்தா வேலை நிச்சயம். இல்லைன்னா, சாமி வரும், அது வழிபாடு, நோய் இல்லைன்னு நான் எழுதறேன். கம்பெனி ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம்."

பூமிநாதன் செல்வியைப் பார்த்தார். ஒரு மாதமாக அந்த ஒரு பதிலுக்காகத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். நான் முதல் வழிக்கான வாசகத்தை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"வரும்னே எழுதுங்க சார்," என்றார் செல்வி.

"அம்மா, கத்தார்..." என்றேன்.

"தெரியும் சார். எழுதிக் குடுத்தா அந்தக் கம்பெனியிலயே எங்கூரு ஆளுக இருக்காக. பொழுது சாயுறதுக்குள்ள சின்னய்யா வீட்டுக்குத் தெரிஞ்சுரும். மறுபடி முள்ளு விழும், அருவா வரும். இவுக கத்தாருக்குப் போனா திரும்பியாச்சும் வருவாக." பிறகு கணவரிடம், "அடுத்த களரிக்காச்சும் ஒழுங்கா வரச் சொல்லுங்க உங்க சாமிய," என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார். பூமிநாதன் சிரிக்கவில்லை.

மருத்துவர் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. சாமி வருவது குடும்ப வழிபாட்டின்போது மட்டும். அந்தச் சமூகத்தில் அது மரியாதைக்குரிய பொறுப்பு. வேலைத் திறனைப் பாதிக்காது. எந்த வருஷம் வந்தது, எந்த வருஷம் வரவில்லை என்று எழுதவில்லை.

கம்பெனி இழுத்தடித்தது. இரண்டு தடவை நினைவூட்டல் அனுப்பவைத்தேன். கத்தார் டிக்கெட்டுக்கு ஏஜெண்ட் நாள் குறித்த வாரத்தில் பணி ஆணை வந்தது - சிவராத்திரி அன்று இவருக்கு ஷிஃப்ட் போட வேண்டாம் என்ற குறிப்போடு. அரசு அலுவலகத்தில் அவ்வளவு யோசித்திருக்கமாட்டோம்.

போன வாரம் மாசிக் களரி முடிந்தது. இதை எழுத அனுமதி கேட்கச் செல்விக்குப் போன் செய்தேன். பேரையும் ஊரையும் மாற்றினால் எழுதிக்கொள்ளலாம் என்றார். வைக்கப்போகும் நேரத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வருசம் நிஜமாவே வந்துச்சாம்மா?"

"ரெண்டு வீட்டு டிராக்டரும் ஒரே பாதையிலதான் சார் போகுது," என்றார்.

மேல்முறையீட்டுக்கு இடமில்லாத பதில். போனை வைத்துவிட்டேன்.