குழாய்க்காரரின் காலைக் காப்பி

முழங்கையைப் பாத்திரத்துக்குள் விட்டுக் காப்பியின் சூட்டைப் பார்க்கிறார். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டியாயிற்று. இனி அது ரப்பர்ப் பையில் ஏறி, குளியலறை ஆணியில் தொங்கி, குழாய் வழியாக அவருக்குள் போகும். வாய் வழியாக அல்ல, பின்வழியாக. கதவுக்கு வெளியே மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

தொழில் குழாய் வேலை. அடைப்பு எங்கே என்று சுவரைத் தட்டியே சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போயிற்று. கைப்பேசியில் யாரோ ஒரு வழுக்கைத்தலையர் பேசியதைக் கேட்ட நாள்முதல் மனித உடம்பும் அவருக்கு இரண்டு மாடி வீடாகத் தெரிகிறது. "கிச்சன் பைப்ப அப்பப்ப கழுவுறோம். நம்ம உள்ள இருக்கிறத யாரு கழுவுறா?" என்று கேட்பார். பதில் சொல்ல வாயெடுத்தவர் தொலைந்தார்.

பையோடு வந்த பிளாஸ்டிக் கிளிப் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கி எறிந்துவிட்டுக் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை வால்வைப் பொருத்தியிருக்கிறார். ஒருநாள், ஆறட்டும் என்று மூடி வைத்த காப்பியை மனைவியின் சித்தி எடுத்துக் குடித்துவிட்டு, "என்னடி, இந்த வீட்ல சர்க்கரைக்குக்கூடப் பஞ்சமா?" என்று முகத்தைச் சுளித்தாள். மனைவி அவசரமாகச் சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டினாள்.

வெளியே வந்ததும், "புது மனுஷன்!" என்று மார்பைத் தட்டிக்கொள்வார். மனைவிக்கு அந்தப் புது மனுஷன்மேல் துளியும் நம்பிக்கையில்லை. புது மனுஷன் ஏன் மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் பாசாங்கு செய்கிறான்? ஏன் சுவரோரமாகவே நடக்கிறான்? கேட்டால், "கழிவு வெளிய போகுதுல்ல, உடம்பு லேசாகுது" என்பார். இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும்.

கூத்து அவரோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன வாரம் அவளுடைய தம்பிக்குக் கண் மஞ்சளித்தது. ஈரல் மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா அலையிற? மாமா நான் இருக்கேன்ல?" என்று இவர் சொன்ன ஒரு சொல்லுக்கு மயங்கி, குறித்த நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு இன்று காலை இங்கே வந்துவிட்டான். சட்டையைக் கழற்றிக் கூடத்துச் சுவர் ஆணியில் மாட்டினான். இவர் அவனுக்கென்று பையில் காப்பியை ஊற்றத் தொடங்கினார்.

"மாமாவப் பாருக்கா, எப்படி இருக்காரு! எனக்கும் சரியாயிடும்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியா? சுவத்தத் தொடாம வாசக்கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொல்லு உங்க மாமாவ."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று சிரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். மைத்துனனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு நடந்தார். நாற்காலியைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. கால் பின்னியது. கை தானாகச் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"மாமா?" என்றான் தம்பி.

அவர் மூச்சு வாங்கியபடி அவனுடைய மஞ்சள் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கை சுவரிலேயே இருக்க, மறு கையை நீட்டி ஆணியிலிருந்த சட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார்.